முதல் நிழல், பிறகுதான் பூ

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றிப் பச்சையாக ஒரு தோட்டம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பூச்சாடியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நேர்சரிக்குப் போய் அந்தூரியம், ரோசா, பெயர் தெரியாத குரோட்டன் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் வரிசையாக வைத்துவிட்டு, பங்குனி வெயில் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் களைத்துப் போகிறார்கள். பாவம், அந்தக் கன்றுகளும்தான். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்திருந்தால் இன்னும் விசேசம், பொழுதுபட்ட பிறகும் அந்தக் கல் சுடும்.

நான் சொல்வது ஒன்றுதான். வீட்டு ஆட்கள் பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து இருக்கப்போகிற இடம் எது என்று முதலில் பாருங்கள், அந்த இடத்துக்கு நிழல் வர என்ன வழி என்று பாருங்கள், மிச்சத்தை அதைச் சுற்றி ஆறுதலாக நடலாம்.

சித்திரை வருசம் பிறக்கிற நாட்களில் மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது மதில் நிழலும் இல்லை, வீட்டு நிழலும் இல்லை. பின்னேர வெயில் மேற்கில் இருந்து விறாந்தைக்குள்ளேயே வந்துவிடும். வைகாசி தொடங்கினால் சோழகக் காற்று வேறு, தென்மேற்கில் இருந்து நாள் முழுக்க அடித்து வாழை இலையைக் கிழித்து, மண்ணில் இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோய்விடும். ஆகவே மேற்கும் தெற்கும்தான் மரத்துக்கான பக்கங்கள். பழைய ஆட்கள் வேலியில் பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு என்று கதியால், அதாவது ஊன்றினால் துளிர்க்கிற தடி, போட்டது எல்லை காட்டுவதற்கு மட்டும் இல்லை. அது காற்றை மறித்தது, வெட்டிய குழை மண்ணுக்குப் பசளையானது, ஆட்டுக்கும் தீனி கிடைத்தது. இப்போது எல்லாருக்கும் மதில். சரி, மதில் இருக்கட்டும், அதன் உள்பக்கமாக ஐப்பசி மழையோடு நாலு கதியாலை ஊன்றிவிடுங்கள், பக்கத்து வீட்டில் கேட்டாலே தருவார்கள்.

பெரிய மரம் என்றால் எனக்குக் கறுத்தக்கொழும்பான் மாமரம்தான், இதில் பேச்சே இல்லை. ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கினாலும் கதிரை போட்டு இருக்கிற அளவு நிழல் வர இன்னும் காலம் எடுக்கும், அதுவரைக்கும் முருங்கையும் அகத்தியும் கெதியாக வளர்ந்து மெல்லிய நிழல் தரும், கறிக்கும் உதவும். குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் கிடங்கு வெட்டும்போது சில வளவுகளில் கொஞ்சம் இறங்கியதுமே சுண்ணாம்புக்கல் வந்துவிடும், அலவாங்கு இல்லாமல் வேலை நடக்காது. அகலமாக வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மாட்டெருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்பினால் கோடையிலும் ஈரம் நிற்கும்.

தண்ணீர் விசயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்குத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது, அதைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். மோட்டரைப் போட்டு அளவில்லாமல் இறைத்தால் அந்த உப்பு மேலே ஏறும். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் படம் அனுப்புகிறார்கள் என்பதற்காக இங்கே புல்தரை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நிழலும் தராத காயும் தராத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர்?

கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்கும் கமுகுக்கும் போனது ஒரு காலம். குளியலறை வீட்டுக்குள் வந்த பிறகு அது ஒரு குழிக்குள் போய் மறைந்துவிடுகிறது. அந்தக் குழாயை மட்டும் பிரித்துப் பின்வளவுக்கு விட்டால் போதும், எங்கள் வீட்டுக் கதலியும் இதரையும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. குளோரின் போட்டுக் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான்.

பூ பற்றிச் சுருக்கமாக. எக்சோராவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பூச்சிமருந்து தேடி ஓடவேண்டாம். சுண்ணாம்பு கூடிய மண்ணிலும் தண்ணீரிலும் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடிவதில்லை. மக்கிய இலையும் எருவும் போட்டு, கிடைக்கிறபோது மழைத்தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்வில்லா, தேமா என்று இந்த மண்ணோடு சண்டை பிடிக்காதவற்றை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அலரி மட்டும் சின்னப்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு.

இருக்கிற இடத்துக்கு மேலே பந்தல் போடுவதென்றால் உடனே முந்திரிகை, அதாவது திராட்சை, என்பார்கள். வலிகாமத் தோட்டங்களில் இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை இனம் குலை குலையாகத் தொங்குவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பூஞ்சண நோய்க்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்கவேண்டும், பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிற இடத்துக்கு மேலே அது தேவையா? கொடித்தோடை (பாஷன் புருட்) போடுங்கள். இலை அடர்த்தி, பூவும் வடிவு, பழம் தானாக விழும், கரைத்துச் சீனி போட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று ஒரு தேசிக்கன்றும் (எலுமிச்சை) கறிவேப்பிலையும் அவர்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து இலையில் முட்டை இட்டுவிட்டுப் போகும். பொரித்து வருகிற புழு முதலில் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்காது. பிறகு தோலைக் கழற்றிப் பச்சையாகும். விரலால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையும் விடும், அந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சின்னது ஒவ்வொரு முறையும் கத்திக்கொண்டு ஓடும், ஓடிவிட்டுத் திரும்பவும் வந்து தொடும். அம்மம்மாவுக்கோ கறிக்குப் போடவேண்டிய இலையைப் புழு தின்கிறதே என்ற கவலை. இந்த வழக்கு முடிகிறதாக இல்லை, ஆகவே அவவுக்கென்று கிணற்றடியில் இன்னொரு கறிவேப்பிலை நட்டாயிற்று. பொன்னாங்காணி, வல்லாரை, பசளி எல்லாம் அவவின் பொறுப்புத்தான், நான் கை வைப்பதில்லை.

மாரி வந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. சிரட்டை, உடைந்த சாடி, சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு பெருகும். அலங்காரம் என்று முற்றத்தில் வைக்கிற பழைய உரலையும் ஆட்டுக்கல்லையும் பலர் கவனிப்பதில்லை. கவிழ்க்க முடியாவிட்டால் குழிக்குள் மண் போட்டு நிரப்பிவிடுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கேற்றடியில் வந்து நின்ற பிறகு உரலைப் புரட்ட ஆள் தேடுவது கஷ்டம்.