மக்கன் பேடாவும் மக்கான் சிக்னலும்

போன மாதம் பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மார்க்கைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று போனால், கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். ‘உங்கள் குழந்தையை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?’ பத்துக் கேள்வி. இதே பத்தைப் பிள்ளைகளிடம் முந்தின நாளே எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள், கிராதகர்கள்.

வீட்டுக்காரிக்கு எட்டு மார்க்கு. எனக்கு இரண்டு. அதில் ஒன்று பிறந்த தேதி.

மற்றதெல்லாம் போகட்டும். பிடித்த இனிப்பு என்ற இடத்தில் ‘மக்கன் பேடா’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தேன். பாப்பா எழுதியது கடலை உருண்டை. “பிள்ள மறந்துபோய் எழுதியிருக்கும் மிஸ்” என்று வாதாடிக்கூடப் பார்த்தேன். பின்னே? எனக்கு வேலை ராணிப்பேட்டையில். சம்பள நாளில் பாலாற்றைத் தாண்டி ஆற்காடு போய், உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்துப் பொரித்து ஜீராவில் ஊறிய பேடாவை அரைக் கிலோ வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வேலூர் வருவேன். ஜீரா ஒழுகிப் பாழான பேண்ட் மட்டும் மூன்று. நாலு வருஷமாக டப்பா காலியாகிக்கொண்டுதானே இருக்கிறது?

சரி, பிள்ளையோடு பேசிப் பழகுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கோட்டைக்குக் கிளம்பினோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். (கோட்டையைச் சேர்வதற்குள் பாக்கெட்டை ஏழெட்டுத் தடவை தடவியிருப்பேன்.) “ஃபிரெண்டு யாரு?”, “எந்தப் பாடம் புடிக்கும்?” என்று வழியெல்லாம் கேட்டேன். “தெர்லப்பா”, “எல்லாம்தான்”. போலீஸ் ஸ்டேஷனில் கூட இதைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள்.

மக்கான் சிக்னலில் சிவப்பு விழுந்தது. சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைக் காட்டி, 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி என்று ஆரம்பித்தேன்.

“எதுக்குப்பா சண்ட போட்டாங்க?”

“புதுசா ஒரு தலைப்பாகையைக் குடுத்து இதத்தான் போடணும்னாங்க. நெத்தில விபூதி நாமம் கூடாது, தாடியை எடுன்னாங்க.”

“அவங்களுக்குப் புடிக்குமான்னு கேக்கவே இல்லியா?”

“இல்லடா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது: “எனக்கு மக்கன் பேடா மாதிரி.”

ஓரமாக வண்டியை நிறுத்தினேன். “அப்போ இவ்ளோ நாளா யாருடா சாப்ட்டது?”

“ஆயா. நைட்டு நீங்கல்லாம் தூங்கினப்புறம். யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. நீ கூட டாக்டர்கிட்ட சொல்லிடாதப்பா.”

என் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பத்துக்குக் குறைந்ததே இல்லை. அரிசியை நிறுத்தினோம். கேழ்வரகுக்கு மாறினோம். டாக்டர் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டிவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மட்டும் எப்படி ஏறுகிறது என்று அவரே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என் சம்பளத் தேதி அவருக்கு எப்படித் தெரியும்?

கோட்டைக்குப் போகவில்லை. வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. கேட்டேன். தலையைத் தூக்கவே இல்லை.

“கொழந்த வேணான்னு வெச்சிட்டுப் போவுது. நீ வெயில்ல அலஞ்சி வாங்கினு வந்தத இன்னா, குப்பையிலயா கொட்டச் சொல்ற?”

“அதுக்கு? சக்கர ஏறிக்கினே போச்சேம்மா!”

“இன்னாத்த ஏறுது. ரெண்டு மாசமா நீ வாங்கியார்ற கடையில முந்திரியே வெக்கறதில்ல. மொதல்ல அத மாத்து.”

பாப்பா என் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தத் தாளில் ஒன்பதாவது கேள்வி, ‘வீட்டில் குழந்தையின் ரகசியங்கள் யாருக்குத் தெரியும்?’ நான் ‘அப்பா’ என்று எழுதியிருந்தேன்.