"காணும்" என்று சொல்லப் பழகுங்கள்: வன்னியில் சாப்பாடும் இரவும்

இலங்கையின் வடக்கே வன்னியில், ஓமந்தையைத் தாண்டினால் ரயிலின் இரண்டு பக்கமும் காடுதான். புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அதற்குப் பிறகு கிளிநொச்சி. 1990 இல் நின்றுபோன வடக்கு ரயில் கிளிநொச்சி வரை திரும்ப ஓடத் தொடங்கியது 2013 செப்ரெம்பரில். கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் பிறந்த எங்கள் பிள்ளைகள் இன்று அதில் வந்து இறங்குகிறார்கள். ஆங்கிலம் படிப்பிக்கவோ ஆராய்ச்சிக்கோ வரும் வெள்ளைக்காரச் சிநேகிதர்களும் கூட வருகிறார்கள். ஒரு கிழமை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு எதுவும் பிரச்சினையில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிறவர்களைப் பகலில் உறைப்பும் இரவில் எட்டு மணிக்கே அடங்கிப்போகும் தெருவும் வாட்டும். இரண்டுக்கும் பழகலாம்.

முதலில் உறைப்பு. எங்கள் வீடுகளில் தூள் என்றால் வெறும் மிளகாய்த்தூள் இல்லை. செத்தல் மிளகாயோடு மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து ஒன்றாகத் திரித்தது. அதனால் "உறைப்பில்லாமல் வையுங்கோ" என்று கேட்டால் சமைக்கிறவருக்கு வழியில்லாமல் போகும். தூளைக் குறைத்தால் கறிக்கு உயிரே இருக்காது. கேட்க வேண்டியது பால்கறி. தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு, பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு வைப்பது. மிளகாயை ஒதுக்கிவிட்டால் யாரும் சாப்பிடலாம். வாய் எரியும்போது தண்ணீர் குடிப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிர் இரண்டு கரண்டி போதும். சட்டியில் உறையவைத்த எருமைத் தயிர் வன்னியின் பெருமைகளில் ஒன்று. அதில் காட்டுத்தேன் ஊற்றிச் சாப்பிடுவதற்காகவே ஒருவர் இங்கே வரலாம்.

வீட்டில் தங்கினால் காலையோ இரவோ புட்டு வராமல் இராது. பார்த்துக்கொண்டு நிற்காமல் குழைக்கப் பழகுங்கள். பிறகு ரொறன்ரோவிலும் இது உதவும். மூன்று பேருக்கு வறுத்த சிவப்பரிசி மா இரண்டு சுண்டு (ரின்பால் பேணி அளவு), அவித்து அரித்த கோதுமை மா ஒரு சுண்டு, அளவாக உப்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். இடியப்பத்துக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். புட்டுக்கு அப்படி ஊற்றினால் மா பசைபட்டுக் களியாகிவிடும். ஒரேயடியாக ஊற்றினாலும் உருண்டை உருண்டையாகத் திரண்டு உள்ளே பச்சை மா நிற்கும். கையில் எடுத்துப் பொத்தினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிறகு சுண்டின் விளிம்பால் கொத்திச் சிறு குறுணலாக்கி, அரை மூடித் தேங்காய்ப்பூவோடு கலந்து நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) போடுங்கள். அமத்தக் கூடாது. அமத்தினால் ஆவி மேலே ஏற வழியில்லை, நடு வேகாது. மேலால் ஆவி வந்தபிறகு பத்து நிமிடம் காணும்.

கூடவே சொதி. தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு அவியவிட்டு, கடைசியில் முதற்பால் விட்டுக் கைவிடாமல் துழாவ வேண்டும். துழாவுவதை நிறுத்தினால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கியபிறகுதான்.

பரிமாறுகிறபோது இன்னொரு சிக்கல். விருந்தாளியின் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) வெறுமையானால் வீட்டு அம்மா திரும்பவும் போடுவார். வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னும் போடுவார். புத்தகத்தில் படித்த "போதும்" என்ற சொல்லை இங்கே அவ்வளவாகப் புழங்குவதில்லை. கோப்பைக்கு மேல் கையை விரித்துப் பிடித்து "காணும் அம்மா" என்று சொல்லுங்கள். இரண்டாம் முறையும் அதையே சொல்ல வேண்டிவரும். முதல் தரம் கொஞ்சமாகப் போடச் சொல்லிவிட்டு, இரண்டாம் தரம் கேட்டு வாங்குவதுதான் நல்ல வழி. கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் சமைத்தவருக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை.

வெள்ளிக்கிழமை பல சைவ வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. முட்டையும் மச்சம்தான் என்பதைச் சிநேகிதர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊர்க் கோயிலில் கொடியேறினால் திருவிழா முடியும்வரை இப்படித்தான். அந்த நாட்களில் ரின் மீனை வாங்கிவந்து அறைக்குள் வைத்துச் சாப்பிடுவது வீட்டுக்காரரை நோகடிக்கும். மே 18ஐ ஒட்டிய நாட்களில் தெருவோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். 2009 இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் கரையில் சனம் உயிர் தப்பக் குடித்தது அது. கையில் தந்தால் நின்று வாங்கிக் குடியுங்கள். அந்தக் கிழமையில் பாட்டு, பாட்டி ஒன்றும் வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, றோல்ஸ், பற்றிஸ் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. முழுவதையும் முடிக்க வேண்டுமென்று நினைத்துக் கஷ்டப்படுகிற பிள்ளைகள் உண்டு. "அண்ணை, ஒரு பிளேன்ரீ, சீனி குறைய" என்று சொல்லாவிட்டால் அடியில் சீனி கரையாமலே நிற்கும். சோறு மத்தியானச் சாப்பாடு. இரண்டு மணி தாண்டினால் சின்னக் கடைகளில் சட்டி கவிழ்ந்திருக்கும். இரவில் கொத்து, பரோட்டா, இடியப்பம், பாண். கொத்துக்கு உறைப்புக் குறைக்கச் சொல்வதென்றால் தகரச் சத்தம் தொடங்கமுன் சொல்ல வேண்டும். பச்சைமிளகாயும் குழம்பும் கல்லில் விழுந்தபிறகு ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு கொத்து இரண்டு பேருக்குத் தாராளம்.

தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். கரையோரக் கிணறுகள் சவர். உள்ளே போகப் போகக் கல்சியம் கூடிய தண்ணீர். வவுனியாப் பக்கத்தில் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோயும் இருக்கிறது. ஆகவே ஊர்ச்சனம் எந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்கிறார்கள் என்று கேட்டு அதையே எடுங்கள். வயிற்றால் போனால் ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல் தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றை ஒரு கிளாசில் கரைத்தால் அளவு பிழைத்துவிடும்.

மான், மரை வத்தல் இருக்கிறது என்று யாராவது இரகசியமாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டவிரோதம். நீங்கள் வாங்கினால்தான் இன்னொன்று சுடப்படும். வெயில் காலத்துப் பாலைப்பழத்தை ஆசைதீரச் சாப்பிடுங்கள். பால் உதட்டில் ஒட்டும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

இனி இரவு. கிளப், பார் என்று தேடினால் கிடைப்பது தவறணை, அதாவது கள்ளுக்கடை. காலையில் இறக்கிய பனங்கள் இனிப்பாக இருக்கும். நேரம் போகப் போகப் புளித்து வெறி ஏறும். முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, அதுதான் கருப்பணி. வெறியில்லாமல் பனையின் ருசி மட்டும் அறிய விரும்புகிறவர்கள் அதைக் கேளுங்கள். தவறணை ஆம்பிளைகளின் இடம். பெண்பிள்ளைகள் போய் உட்கார்ந்தால் யாரும் அடிக்கப் போவதில்லை, ஆனால் ஊர்க்கதை வீட்டுக்கு அவர்களுக்கு முன்னமே வந்துவிடும். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்க மது விற்பனை இல்லை. 21 வயதுக்குக் கீழே விற்கவும் கூடாது. கசிப்பை (கள்ளச்சாராயம்) தொடவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. வெளிநாட்டுக் காசில் ஊர்ப் பெடியளுக்குப் போத்தல் வாங்கிக் கொடுப்பது நட்பு இல்லை. குடியால் உடைந்த வீடுகள் இங்கே ஏற்கெனவே நிறைய. நீங்கள் திரும்பிப் போன பிறகும் அந்தப் பழக்கம் அங்கேயே இருக்கும்.

இருட்டியபின் வெளியே போவதென்றால் ரோச் கட்டாயம். ஏ-9 வீதியில் மாடு படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பாதைகளில் யானை வரும். கண்டால் கோன் அடிக்காமல், வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சாமல் தள்ளி நின்று வழிவிடுங்கள். மிதிவெடிப் பலகை இருக்கும் பக்கம் பகலிலும் கால் வைக்கக் கூடாது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தால் நுளம்புவலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகுங்கள். கட்டுவிரியன் பாம்பு இரவில்தான் திரியும். அது கடித்தது சில வேளை நித்திரையில் தெரியவே தெரியாது.

வன்னியின் உண்மையான இரவு கோயில் வெளியில் நடக்கிறது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு விடிய விடியச் சனம் வரும். கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபு அங்கே உண்டு. மற்றக் காலங்களில் ஊர்ப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் காத்தவராயன் கூத்து அறிவித்தல் வருகிறதா என்று கவனியுங்கள். கூத்து இரவு தொடங்கினால் விடியத்தான் முடியும். மணலில் விரிக்க ஒரு பாய், பனிக்கு ஒரு போர்வை, நூறு, இருநூறு ரூபாய்ச் சில்லறை கொண்டுபோங்கள். கச்சானும் ஐஸ்கிறீமும் அங்கேயே விற்பார்கள். நடுச்சாமத்தில் கண் சொருகும், கொஞ்சம் படுத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் ஆச்சியிடம் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுங்கள். கூத்தின் உச்சமான, காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டம் விடியப்புறத்தில்தான். அடுத்த நாள் மத்தியானம் வரை வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள்.