78 தட்டைக் கணினிக்கு ஏற்றும்போது சுருதி எங்கே போகிறது?

இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய கர்நாடக இசைத்தட்டுகள் பலவற்றில் குரல் மூக்கடைத்தது போல இருக்கும். இல்லாவிட்டால் சுருதி அரைக்கட்டை (கட்டை என்பது ஹார்மோனியக் கட்டைகளை வைத்துச் சுருதியைச் சொல்லும் அளவு) ஏறியோ இறங்கியோ இருக்கும். "பழைய தட்டு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு தட்டை ஓட்டிய விதத்தில்தான்.

முதலில் கழுவுவது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 78 தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்தியது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், அதனால் எல்பிக்கு (பிற்கால வினைல் தட்டுக்கு) வாங்கிய கழுவும் திரவத்தை இதில் தொடவே கூடாது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் வாசனையில்லாத திரவ சோப்பு நான்கைந்து துளி போதும். மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. விரிசல் விட்ட தட்டை நனைக்கவே வேண்டாம்.

ஊசியில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78க்கு வேண்டியது 3 மில் அளவில். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து அங்குள்ள தூசியை உரசிக்கொண்டே போகும், இசை பதிந்த சுவரைச் சரியாகத் தொடாது. கிராமபோனின் ஸ்டீல் ஊசி தேய்த்த தட்டாக இருந்தால் 2.5, 3.5 மில் ஊசிகளையும் மாற்றிப் பாருங்கள். தேயாத உயரத்தில் போய் உட்காரும் ஊசி எது என்று காதே சொல்லிவிடும். ஊசி தட்டை அழுத்தும் எடை 3 முதல் 5 கிராம்.

தட்டு மோனோதான், ஆனாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள்: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. மூன்றரை நிமிடப் பக்கம் 120 எம்பி வரும். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நன்றாக இருந்தால் கூட்டி மோனோவாக்குங்கள், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அதிலேயே கழிந்துவிடும்.

மூக்கடைப்புக்குக் காரணம் ஆர்.ஐ.ஏ.ஏ. ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பில் இருக்கும் இந்தத் திருத்தம் 1950களில் எல்பிக்காக வந்தது. எல்பியில் ஒலியின் மேல்பகுதியை ஏற்றியே பதிந்திருப்பதால், அதை ஈடுகட்ட 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைத்துவிடும். 78 தட்டுகள் பலவற்றில் மேல்பகுதியை இப்படி ஏற்றிப் பதியவே இல்லை. ஆகவே வயலின் மங்கி, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் வீங்கிக் கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஆர்.ஐ.ஏ.ஏ வளைவைத் தலைகீழாகப் போட்டு அதை நீக்குங்கள். மைக் வைத்துப் பதிந்த மின்பதிவு என்றால் பிறகு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றிப் பாருங்கள். 1925க்கு முந்தைய, மைக் இல்லாமல் கூம்புக் குழலுக்குள் பாடிப் பதிந்த தட்டுக்கு அதுவும் வேண்டாம். 78 வேகம் இல்லாத டர்ன்டேபிளில் 45ல் ஓட்டி, கணினியில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம். ஆனால் ஆர்.ஐ.ஏ.ஏவை நீக்கிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வளைவும் சேர்ந்து இடம் மாறும்.

இனி சுருதி. லேபிளில் 78 என்று இருந்தாலும் பழைய பதிவுகள் சற்று முன்பின்னாகத்தான் ஓடின. 74ல் பதிவானதை 78ல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டைப் பாடகி ஐந்தரையில் பாடுவார். 80ல் பதிவானதை 78ல் ஓட்டினால் கால்கட்டை இறங்கும். பிருகாவின் வேகமும் மிருதங்கத்தின் சுருதியும் கூடவே மாறுவதால் உள்ளேயே ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு பக்கம் ராகம், மறுபக்கம் கீர்த்தனை என்று ஒரே அமர்வில் பாடிய தட்டானால் இரண்டின் ஷட்ஜமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஹார்மோனியம் சேர்ந்திருந்தால் ஷட்ஜம் ஏதாவது ஒரு கட்டையை ஒட்டியே இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் சொந்தச் சுருதி கொஞ்சம் விலகியிருக்கலாம் என்பதால் இது தோராயக் கணக்குதான். சில மின்பதிவுகளில் பதிவுக்கூடத்தின் மின்சார ரீங்காரமே பள்ளத்தில் பதிந்திருக்கும், ஸ்பெக்ட்ரத்தில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் பக்கம் கோடாகத் தெரியும். அது உங்கள் வீட்டு ரீங்காரமாகவும் இருக்கலாம். டர்ன்டேபிள் வேகத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள்: நகரும் கோடு தட்டினுடையது, நகராதது உங்களுடையது.

நீண்ட கார்வையில் விநாடிக்கு 1.3 முறை வீதம் இல்லாத கமகம் கேட்டால் நடுத்துளை விலகியிருக்கிறது. துளையைப் பெரிதாக்காதீர்கள். கூடுதல் மேட் போட்டுத் தட்டைச் சுழல்தண்டுக்கு மேலே உயர்த்தி, ஊசியைத் தாங்கும் ஆர்ம் ஆடாமல் நிற்கும்வரை மெல்லத் தள்ளிச் சரிசெய்யுங்கள்.

'கிளிக்' நீக்கும் மென்பொருள் மிருதங்கத்தின் சாப்பையும் கிளிக் என்றே எடுத்துக்கொள்ளும், நாகஸ்வரத்தின் கூர்மையையும் பிய்த்துவிடும். நீக்கியதை மட்டும் தனியாகக் கேளுங்கள். அதில் மிருதங்கத்தின் சொல்கட்டு காதில் விழுந்தால் நீக்கும் அளவைக் குறையுங்கள். 'ஹிஸ்' நீக்குவது தம்புராவையும் சேர்த்துக் கொண்டுபோகும், பெரும்பாலும் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. திருத்தாத மூலக் கோப்பைத் தனியாக வைத்து, லேபிள் எண், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்த மேட்ரிக்ஸ் எண், ஊசியின் அளவு, ஓட்டிய வேகம் நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.