ஒரு படி இறங்கி நுழையும் கட்டடம்

சிகாகோவில் உள்ள மொனாட்னாக் கட்டடத்துக்குள் போக, நடைபாதையிலிருந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும். கட்டடமே மண்ணுக்குள் அவ்வளவு தூரம் இறங்கியிருப்பதுதான் காரணம். இருபது வருடமாக அஸ்திவார டிசைன் செய்து வருகிறேன். வேலை விஷயமாக அந்த ஊருக்குப் போனபோது, முதலில் போய் நின்றது அந்தப் படியில்தான். அதை வரைந்த ஜான் வெல்பார்ன் ரூட் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

ரூட் பிறந்தது 1850-ல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். உள்நாட்டுப் போர் நெருங்கி வந்ததும் அப்பா அவரை லிவர்பூலுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்து நியூயார்க்கில் சிவில் இன்ஜினியரிங் படித்தார். 1871-ல் சிகாகோ தீக்கு இரையானது. அடுத்த வருடமே அங்கே போனார். 1873-ல் டேனியல் பர்னாமுடன் கூட்டு. ஆள் பிடிப்பதும் வேலை கொண்டுவருவதும் பர்னாம், டிசைன் ரூட்.

அந்த ஊர் மண் கொழகொழ களிமண். அதுவரை தூணுக்கு அடியில் கல்லைப் பிரமிடு மாதிரி அடுக்குவார்கள். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அகலம் கூட்டினால் உயரத்தையும் கூட்டியாக வேண்டும். பத்து மாடி என்றால் பேஸ்மென்ட் முழுக்கக் கல்தான். கொதிகலனை எங்கே வைப்பது?

1882-ல் மான்டாக் கட்டடத்தில் ரூட் ரயில் தண்டவாளங்களை எடுத்தார். ஒரு வரிசை நெடுக்கே, அதன் மேல் ஒரு வரிசை குறுக்கே, எல்லாவற்றையும் மூடி கான்கிரீட். வளைவை இரும்பு பார்த்துக்கொண்டது. அதனால் மெல்லிய பலகை ஒன்றே பாரத்தை அகலமாகப் பரப்பிவிட்டது. இன்றைக்கு ஒரு ஃபுட்டிங்கில் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பலகை) இரண்டு பக்கமும் கம்பி கட்டச் சொல்லி வரைபடம் போடும்போதெல்லாம் அந்தத் தண்டவாளங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். மான்டாக் 1902-லேயே இடிபட்டுவிட்டது. போய்ப் பார்க்க வழியில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மொனாட்னாக் நிற்கிறது. பதினாறு மாடி, வெளிச் சுவர்கள் சுமை தாங்கும் செங்கல் சுவர்கள். தரைமட்டத்தில் சுவரின் கனம் 6 அடி. பாஸ்டன்காரர் பீட்டர் புரூக்ஸ் பணம் போட்டவர். அலங்காரமே கூடாது, நீட்டிக்கொண்டு எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. சரி என்று ஒப்புக்கொண்ட ரூட், அழகைச் சுவரின் வளைவிலேயே வைத்தார். அடியில் பருத்திருக்கும் சுவர் இரண்டாம் மாடிப் பக்கம் மெதுவாக உள்ளே ஒடுங்கி, உச்சியில் மறுபடி வெளியே மலர்கிறது. வளைவுகளுக்கென்றே தனி அச்சில் செங்கல் வார்த்தார்கள். மூலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கூர்மை எந்த இடத்தில் மழுங்கத் தொடங்குகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

8 அங்குலம் அமிழும் என்று கணக்குப் போட்டே கட்டினார்கள். 1948 வாக்கில் 20 அங்குலம் இறங்கியிருந்தது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மண்ணின் இயல்பை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்ல ஆளில்லாத காலம் அது. அந்தச் சேற்றின் மேல் இவ்வளவு செங்கலை ஏற்றி, இன்றும் ஆட்கள் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

1891 ஜனவரியில், சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சி வேலைக்காக நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களுக்கு வீட்டில் விருந்து கொடுத்தார் ரூட். சில நாட்களில் நிமோனியா. 15-ம் தேதி போய்விட்டார், 41 வயதில். மொனாட்னாக் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. ரூட் வரைந்தது வடக்குப் பாதி. தெற்குப் பாதியை ஹோலபேர்ட் அண்ட் ரோச் நிறுவனம் 1893-ல் எஃகுச் சட்டத்தில் கட்டி முடித்தது. உள்ளே இரண்டு பாதியிலும் நடந்து பார்த்தேன். அப்புறம் வடக்குப் பக்கம் திரும்பி வந்து, அந்தத் தடித்த சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன்.