பூவரசில் ஒரு கிட்டார்: பெட்டி மூடியாச்சு

2020 நவம்பரில் நிவர் புயல் மழைக்கு எங்கள் தெருமுனைப் பூவரசு வேரோடு சாய்ந்தது. விறகுக்குப் போகவிருந்த அடிமரத்தில் நாலரை அடித் துண்டைக் கேட்டு வாங்கி, சத்துவாச்சாரியில் ஒரு மர மில்லில் முக்கால் அங்குலப் பலகையாக அறுத்து வைத்தேன். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது தச்சுக் கணக்கு. நான் முனைகளில் மெழுகு பூசி, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, மூன்று வருஷத்துக்கும் மேல் மாடிப்படிக்கு அடியில் விட்டுவிட்டேன்.

இது நான் கையால் செய்யும் மூன்றாவது கிட்டார். முதல் இரண்டுக்கும் பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். நம் ஊர் ஈட்டியைத்தான் உலகமெங்கும் கிட்டாருக்குத் தேடுகிறார்கள். ஆனால் 2017 ஜனவரியில் அந்த இனத்து மரங்கள் மொத்தமும் சைட்டஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது, பலகைக்கு இல்லை. காடு குறைந்துகொண்டு வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வாசலில் விழுந்த மரம் இருக்கும்போது ஈட்டியை ஏன் தேட வேண்டும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பலகையைப் பார்த்த ஆசாரி அண்ணன், “இன்னா தம்பி, இத்த வண்டிச் சக்கரத்துக்கு எடுப்பாங்க, உளுக்காது. ஆனா பாட்டுக்கு வருமா?” என்றார். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் பக்கம் உண்டா? இலையே பாடும்போது மரம் பாடாதா என்றேன். சிரித்துக்கொண்டே இழைப்புளியைத் தீட்டிக் கொடுத்தார்.

பக்கப் பலகைதான் என்னை அதிகம் சோதித்தது. 2 மில்லிமீட்டர், அதாவது அரை நூலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்படி இழைத்தேன். சூடு ஏற்ற ஒரு இரும்புக் குழாய், அதற்குள் கேஸ் டார்ச். தண்ணீர் தெளித்தால் துளி உட்காராமல் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். முதல் பலகை மேல் வளைவுக்கு நன்றாகவே இளகிக் கொடுத்தது. இடுப்பு வளைவுக்கு வந்ததும் ‘சடக்’கென்று ஒரு சத்தம். முறிந்த இடத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். நார் பலகையின் நீளத்தோடு ஓடாமல் சரிந்து, ஒரு முகத்தில் புகுந்து மறுமுகத்தில் வெளியேறியிருந்தது. பூவரசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோணல் கிளையடியை நான் கவனிக்காமல் அறுத்ததுதான் காரணம்.

அடுத்த துண்டை எடுக்கும்போது முனையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்து, வளையக் கோடுகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும் பகுதியாகவும், நார் நேராக ஓடும் இடமாகவும் பொறுக்கினேன். வெளிப்பக்கம் விரியும்போது நார் பிளக்காமல் இருக்க மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்தேன். ஈரத்துணி சுற்றி, அவசரப்படாமல் சூட்டில் அழுத்தினேன். ஒரு கட்டத்தில் மரம் எதிர்ப்பதை விட்டுவிடுகிறது. உள்ளங்கையில் அது தெரியும். அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன். இரண்டு பக்கமும் முறியாமல் வந்தன.

பூவரசில் அகலமான வைரம், அதாவது முற்றிய நடுமரம், கிடைப்பது அபூர்வம். அதனால் பின்பலகையை மூன்று துண்டாக ஒட்டினேன். ஓரங்கள் இரண்டும் கரும்பழுப்பு, நடுவில் வெள்ளை கலந்த ஒரு பட்டை.

மேற்பலகையையும் நம் மரத்தில் செய்ய ஆசைப்பட்டேன். வீணையின் குடமும் பலகையும் பலாதானே. குடியாத்தத்தில் இடித்த ஒரு பழைய வீட்டின் பலா உத்தரம் என்னிடம் இருந்தது. 300க்கு 50 மில்லிமீட்டரில், 3 மில்லிமீட்டர் கனத்தில், பலாவில் ஒரு சோதனைத் துண்டும், கிட்டார் மேற்பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒன்றும் வெட்டினேன். ஸ்ப்ரூஸ் 19 கிராம், பலா 27 கிராம். இரண்டு முனையையும் தாங்கி நடுவில் ஒரு கிலோ தொங்கவிட்டதில் ஸ்ப்ரூஸைவிடப் பலா கூடுதலாகத் தொய்ந்தது. கனமும் கூட, தொய்வும் கூட. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். அதைப் பலா தாங்க வேண்டுமானால் தடிமன் ஏற்ற வேண்டும், ஏற்றினால் அதிர்வு அடங்கிவிடும். அதனால் மேற்பலகை ஸ்ப்ரூஸ்தான். பலா கழுத்துக்குப் போகிறது. வீணையின் தண்டியாக நின்ற மரத்துக்குக் கிட்டார் கழுத்து புதிதில்லை.

1862இல் ஸ்பெயினின் கிட்டார் தயாரிப்பாளர் டோரஸ், பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேற்பலகைதான் கருவியின் உயிர் என்று காட்டினார். 2018இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை வெளிவந்தது. பின்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கக் கொடுத்தால், கைதேர்ந்தவர்களாலும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பூவரசை எடுக்க எனக்குத் துணிச்சல் தந்தது இந்த இரண்டும்தான்.

பசை வச்சிரம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் சூழ்ந்த வட ஆற்காட்டில் தோலில் காய்ச்சும் பசையை விட்டு வேறெதைத் தேடுவது? வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் உருக்கினேன், கொதிக்கவிட்டால் வலு போய்விடும். உள்சட்டங்களை ஒட்ட ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். ஐப்பசி ஈரத்தில் ஒட்டிவிட்டால் அக்னி நட்சத்திர வெயிலில் பலகை சுருங்கி வெடித்துவிடும். மாசிக் கடைசியில் நாலு நாள் அப்படி அமைந்தது. நாலாவது நாள் பெட்டியை மூடினேன்.

அன்று ராத்திரி ஒலித்துளையில் முகம் வைத்து மோந்து பார்த்தேன். வச்சிர வாடைக்கு அடியில் பூவரசின் லேசான ரோஜா மணம். பின்பலகையைப் பெருவிரலால் தட்டினால் ஈட்டி மாதிரி நீண்டு கணீரென்று ஒலிக்கவில்லை. கொஞ்சம் குறுகிய, கதகதப்பான சத்தம். எனக்குப் பிடித்திருக்கிறது.

பலாக் கழுத்துக் கட்டை பதினைந்து நாளாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நேற்று நூல் பிடித்துப் பார்த்தேன், முறுக்கமில்லை. விரல் பலகைக்குப் புளிய வைரம் போட ஆசை, உலக்கைக்கும் செக்குக்கும் ஆன மரமாயிற்றே. அணைக்கட்டுப் பக்கம் ஒரு துண்டு இருப்பதாக ஆசாரி அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போகிறோம்.