'நார்மல்' என்று வந்த மோஷன் டெஸ்ட்

என் மகளுக்கு எட்டு வயது. ஹீமோகுளோபின் 7.8. மாசக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் குடித்தும் ஏறவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டிய ஊர் எங்களுடையது. மணல் பூமி, ஒதுங்கப் போவதும் தோப்புக்குத்தான், பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு கால் தோல் வழியாகத்தான் ஏறுமாம். டாக்டர் மோஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டெஸ்ட் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

முதலில் லேப்பில் டப்பா தீர்ந்துவிட்டது என்றார்கள். மெடிக்கலில் வாங்கி மறுநாள் கொண்டுபோனால், "பத்து மணியோட சரிம்மா, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார் கவுன்டரில் இருந்தவர். எங்கள் ஊருக்குப் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் வரும். கூலி போனது போனதுதான். அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக்கில் நேரத்தோடு போய்க் கொடுத்தேன். வாங்கியவர் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார். மதியம் வரை அது அங்கேயே இருந்தது, யாரும் தொடவில்லை. சாயங்காலம் சீட்டு வந்தது: 'புழு முட்டை இல்லை, நார்மல்.' மறுபடியும் அதே டானிக்.

எனக்கு மனசு ஆறவில்லை. வேறொரு ஆஸ்பத்திரி லேப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். கொக்கிப்புழு முட்டையின் ஓடு ரொம்ப மெல்லிசு, நேரமானால் அடையாளமே தெரியாது என்றார். மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் முட்டை தேடும் காட்டோ-காட்ஸ் முறையில் ஸ்லைடு போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம். ஒரு தடவை தெரியவில்லை என்றால் வேறு வேறு நாளில் திரும்பப் பார்க்க வேண்டுமாம். மறுநாள் காலையில் வாங்கிய கையோடு பார்த்தவர், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி ஓடு, உள்ளே நாலைந்து உருண்டைகள். இதுதானே என் பிள்ளையின் ரத்தத்தைக் குடித்தது! கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது.

பூச்சி மருந்தான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, மென்று முழுங்கினாள். டானிக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ரத்தம் ஊற மாசங்கள் ஆகும். இப்போது 10.4.

டெஸ்டுக்குப் போகிறவர்கள் சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல் பேப்பர் விரித்து எடுங்கள். கொடுத்த நேரத்தை டப்பா மேலேயே எழுதி, எப்போது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்றால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. மோஷனில் அனேகமாகத் தெரியாது, காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப் ஒட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் கால்வாய் ஓரம் குடியிருக்கும் என் நாத்தனார் பையனுக்கு வந்தது ஜியார்டியா, கண்ணுக்குத் தெரியாத குடல் கிருமி, தண்ணீரால் வருவது. அதற்கு ஒற்றைப் பூச்சி மாத்திரை போதாது, வேறு மருந்து. பூச்சி எதுவென்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வழக்கமாகப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்குக் காய்ச்சலில் என் மகள் போகவில்லை, எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. விட்டுப்போன பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் இன்னொரு நாள் உண்டு. டீச்சரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.