கிளப் போச்சு, பாட்டு நின்னுச்சு: சன்செட் ஸ்ட்ரிப்ல ஒரு நடை

லாஸ் ஏஞ்சலஸ் போறவங்க சன்செட் ஸ்ட்ரிப்ங்கற ரோட்டுல விஸ்கி அ கோ கோங்கற மியூசிக் கிளப் வாசல்ல போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. நான் அதுக்கு ரொம்ப முன்னாடியே, கிரெசன்ட் ஹைட்ஸ் சிக்னல்லயே பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன். நாலு பக்கமும் கார், நடுவுல ரோடு வளையற எடத்துல ஒரு டிராஃபிக் திட்டு. அவ்ளோதான். பாக்க ஒண்ணுமில்ல, ஆனா எனக்கு அந்த ஊர்லயே முக்கியமான எடம் இதான்.

இங்கதான் பண்டோராஸ் பாக்ஸ்னு ஒரு சின்ன கிளப் இருந்துச்சு. சரக்கு கிடையாது, காபியும் பாட்டும்தான், அதனால ஸ்கூல் பசங்க கூட உள்ள போலாம். 1966ல வாரக்கடைசி ஆனா ஸ்ட்ரிப் முழுக்க முடி வளத்த பசங்க கூட்டம், வண்டி நகராது, கடைக்காரங்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களும் புகார் மேல புகார். போலீஸ் என்ன பண்ணுச்சுன்னா, 18 வயசு ஆகாதவங்க ராத்திரி 10 மணிக்கு மேல தெருவுல நிக்கக்கூடாதுங்கற சட்டத்த கறாரா புடிக்க ஆரம்பிச்சுச்சு. அந்த வருஷம் நவம்பர் 12 ராத்திரி இத எதுத்து நோட்டீஸ் அடிச்சு கொடுத்து கூட்டம் சேந்துச்சு, ஆயிரம் பேர் இருக்கும்னு சொல்றாங்க, கிளப் வாசல்லயே போலீஸோட மோதல். நடிகர் பீட்டர் ஃபோண்டாவுக்கே கைவிலங்கு போட்டாங்க. அதுக்கப்புறமும் பல ராத்திரி இதே கதைதான்.

இதப் பாத்துட்டுதான் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு பேண்டோட ஸ்டீபன் ஸ்டில்ஸ் 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' எழுதினாரு. அந்த வருஷம்தான் இதே ரோட்டுல விஸ்கில அவங்க வாராவாரம் வாசிச்சிட்டு இருந்தாங்க, அதனால இது அவருக்கு பேப்பர்ல படிச்ச செய்தி இல்ல, சொந்தப் பேட்டை சண்டை. டிசம்பர் தொடக்கத்துலயே ரெக்கார்டிங் முடிஞ்சுது, 1967ல அமெரிக்காவோட பில்போர்டு ஹிட் பாட்டு லிஸ்ட்ல 7ம் இடம் வரைக்கும் போச்சு. அதே பேண்டோட நீல் யங் கிடார்ல ஆரம்பத்துல வர்ற அந்த ரெண்டு நோட்டு, தூரத்துல கோயில் மணி அடிக்கற மாதிரி, கேட்டா இப்பவும் முதுகு சிலுக்குது.

வியட்நாம் பத்தின படம்னாலே இந்தப் பாட்ட தூக்கிப் போட்டுடுறாங்க, கேக்கறவங்களும் போர் பாட்டுன்னே நெனச்சுக்கறாங்க. அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஏன்னா வரிகள்ல ஊர் பேர் கிடையாது, கிளப் பேர் கிடையாது, ஊரடங்குங்கற பேச்சே கிடையாது, துப்பாக்கியோட ஒரு ஆள், தெருவுல ஆயிரம் பேர், எல்லாருக்கும் ஒரு பயம், அவ்ளோதான். அந்த ராத்திரிய அப்படியே விவரமா எழுதிருந்தா பழைய பேப்பர் கட்டிங் மாதிரி ஆயிருக்கும், யாரு இன்னிக்கு கேக்கப் போறா! இன்னொரு ஆச்சரியம், பாட்டோட தலைப்பு வரிகள்ல எங்கயுமே வராது, அதனால கடையில கேட்டு வாங்க வசதியா பல்லவில வர்றதையும் ரெக்கார்டு மேல சேத்து அச்சடிச்சாங்க.

கிளப் தப்பிக்கல. நகரசபை எடத்த எடுத்துச்சு, ரோட்ட சீர் பண்றோம்னு 1967 ஆகஸ்ட்ல இடிச்சே போட்டாங்க. பாட்டு ஹிட்டாகி சில மாசம்தான் ஆச்சு, என்ன அவசரமோ தெரியல!

போறவங்க மத்தியான வெயில்ல போகாதீங்க, சாயங்காலம் போங்க. அங்கேருந்து மேற்கால ஒரு மைலுக்கு மேல நடந்தா விஸ்கி வந்துடும், நடுவுல ஷாட்டோ மார்மோன்ட் ஹோட்டலும் கண்ணுல படும். டிக்கெட் இருந்தா ராத்திரி ஷோ பாருங்க, அது இன்னும் ஓடுது.